காற்புள்ளியின் குற்றம்: சி வகை ஈரலழற்சியும் இல்லறத்தின் மீதான ஐயமும்

ஒரு நோயோடு ஒரு பழியும் உடன்பிறப்பது மனித வரலாற்றிற் புதிதன்று. தொழுநோய் முற்பிறப்பின் வினையெனப்பட்டது. காசநோய் குடும்பத்தின் குறையெனப்பட்டது. அம்மை தெய்வத்தின் சினமெனப்பட்டது. நோய்க்கிருமி இன்னதென விஞ்ஞானம் கண்டு கூறிய பின்னரும் பழி உடனே மறைந்துவிடவில்லை. கிருமியைக் காண்பதற்கு நுணுக்குக்காட்டி உண்டு. பழியைக் காண்பதற்குச் சமூகத்தைத்தான் ஆராயவேண்டியுள்ளது.

இன்று இத்தகைய பழிக்கு ஆளாகிநிற்கும் நோய்களுள் ஒன்று சி வகை ஈரலழற்சி ஆகும். சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களிலும் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களிலும் இந்நோய் பற்றிக் காணப்படும் வாக்கியம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்பட்டது போன்றது: இந்நோய் குருதி, ஊசி, உடலுறவு ஆகியவற்றின் மூலம் பரவும் என்பதே அது. இலக்கண அளவில் இவ்வாக்கியத்திற் பிழையில்லை. மருத்துவ அளவிலும் முழுப் பொய் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மூன்று பெயர்ச்சொற்களையும் பிரித்துநிற்கும் காற்புள்ளிகள், அவற்றைப் பிரிக்கும் அதேவேளை சமப்படுத்தியும் விடுகின்றன. ஆயிரத்தையும் ஒன்றையும் அருகருகே எழுதி, இரண்டும் எண்களே என்று கூறுவதை ஒத்தது இது. வாசிப்பவரோ மூன்றனுள் முதலிரண்டையும் மறந்து மூன்றாவதை மட்டும் மனதிற் பதித்துக்கொள்கிறார். ஏனெனில் குருதியும் ஊசியும் வைத்தியசாலைக்கு உரியன. உடலுறவோ ஒழுக்கத்தோடு தொடர்புடையதாக எண்ணப்படுவது. ஒழுக்கம் பற்றிய சொல் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றைய சொற்களைத் தேடும் பொறுமை சமூகத்திற்கு இருப்பதில்லை.

இதன் விளைவு யாது? மனைவிக்கு நோய் எனின் கணவன் அவளை ஐயுறுகிறான். கணவனுக்கு நோய் எனின் மனைவியின் உறவினர் அவனை ஐயுறுகின்றனர். "எங்கிருந்து வந்தது?" என்னும் வினா, "யாரிடமிருந்து வந்தது?" என்னும் வினாவாக மாறிவிடுகிறது. கழுவாத ஊசிக்குழலும் சோதிக்கப்படாத குருதிப் போத்தலும் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன. இருவரது படுக்கையறை குற்றக் கூண்டில் ஏற்றப்படுகிறது. அவ்வாக்கியம் உண்மையைக் கூறிப் பொய்யை நம்பவைக்கிறது என்பதும், அப்பொய்யினால் நன்மையடைவோர் தவறிழைத்த நிறுவனங்களே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

நோயும் அதன் வழியும்

இந்நோய் மருத்துவ அறிவுக்கு அறிமுகமான இடத்தை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும், குருதி ஏற்றப்பட்ட நோயாளருள் ஒரு பகுதியினர்க்கு ஈரலழற்சி தோன்றுவதை அவதானித்தனர். அது ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று எனச் சோதனைகள் காட்டின. அதனால் அந்நோய்க்கு "ஏயும் அல்லாத, பீயும் அல்லாத ஈரலழற்சி" என்றே நெடுங்காலம் பெயர் வழங்கிற்று. 1989இல் மைக்கல் ஹௌட்டனும் அவருடன் பணியாற்றியோரும் வைரசை இனங்கண்டனர். இவ்விருவருக்கும் சாள்ஸ் றைஸ் என்பாருக்குமாக 2020ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனவே இந்நோய் விஞ்ஞானத்தின் கண்ணிற் பட்டது வைத்தியசாலையின் கட்டிலிலே, ஏற்றப்பட்ட குருதியின் வழியாகவே என்பது தெளிவு. வைத்தியசாலையில் அறியப்பட்ட நோயை இல்லத்தின் ஒழுக்கக்கேடாக மாற்றியது பிற்காலச் சமூகத்தின் கைவண்ணம்.

இவ்வைரசு குருதியில் வாழ்வது. ஒருவரது குருதி இன்னொருவரது குருதியோட்டத்தை அடைந்தாலன்றி இது எளிதிற் பரவுவதில்லை. உணவு, தண்ணீர், ஒரே பாத்திரத்தில் உண்ணல், தழுவுதல் என்பவற்றால் இது பரவாது. விந்திலும் பெண்ணின் பிறப்புறுப்புக் கசிவிலும் இதன் சுவடு சில வேளைகளிற் காணப்பட்டதுண்டு. ஆயின் அவற்றிலுள்ள அளவு குருதியில் உள்ளதைவிட மிகச் சிறியது. தொற்றியவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வீதத்தினர் ஆறு மாதத்துள் மருந்தின்றியே வைரசை வெல்கின்றனர். ஏனையோருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. அவர்களுள்ளும் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வீதத்தினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் என்னும் நிலை உண்டாகலாம். சிலருக்கு அது புற்றுநோயில் முடிகிறது.

இருபது ஆண்டுகள் என்னும் இக்கால அளவே இந்நோயின் சமூகவியலைப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோலாகும். பதினெட்டு வயதிற் போடப்பட்ட ஊசியின் விளைவு நாற்பது வயதிற் குருதிச் சோதனையில் வெளிப்படுகிறது. ஊசி போட்டவரை ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த வைத்தியசாலையின் பதிவேடும் எஞ்சியிருப்பதில்லை. ஆனால் வாழ்க்கைத்துணை எதிரிலேயே இருக்கிறார். காரணம் தொலைவில் இருப்பதாலும் துணைவர் அருகில் இருப்பதாலும் பழி அருகில் இருப்பவர்மேல் விழுகிறது.

தம்பதியர் பற்றிய ஆய்வுகள் கூறுவன

வைரசு இனங்காணப்பட்டதை அடுத்து, 1990களின் முற்பகுதியில், தம்பதியர் பற்றிய ஆய்வுகள் சில வெளிவந்தன. யப்பானிற் செய்யப்பட்ட ஆய்வும் இவற்றுள் அடங்கும். மணவாழ்வின் ஆண்டுகள் கூடக்கூட இருவருக்கும் தொற்று இருக்கும் வாய்ப்பும் கூடுகின்றது என்று அவை காட்டின. உடலுறவே காரணம் எனப் பலர் முடிவு செய்தற்கு இது போதியதாயிற்று. ஆயின் இம்முடிவில் ஓர் அடிப்படைத் தருக்கப் பிழை உண்டு. நெடுங்காலம் மணவாழ்வு நடத்தியவர் வயதானவர். வயதானவர், ஊசிகள் கொதிநீரில் அரைகுறையாக அவிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்பட்ட காலத்தில் வாழ்ந்தவர். கணவனும் மனைவியும் ஒரே ஊரில், ஒரே வைத்தியரிடம், ஒரே பல் வைத்தியரிடம் சென்றவர்கள். ஒரே சவர அலகையும் நகவெட்டியையும் பயன்படுத்தியவர்கள். இருவர் ஒரே கிணற்றில் நீர் அருந்தி நோயுற்றால், ஒருவரது நோய் மற்றவரைத் தொற்றியது என்று கூறுவது பொருந்துமா?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. தொற்றில்லாத துணைவரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்தல் ஒன்று. இருவருக்கும் தொற்று உளதாயின், இருவரது வைரசின் மரபுக் கூற்றை ஒப்பிட்டு ஒன்றிலிருந்து மற்றையது வந்ததா எனச் சோதித்தல் மற்றொன்று.

2004இல் வெளியான இத்தாலிய ஆய்வு முதல் வழியை மேற்கொண்டு, இரண்டாவதனால் அதனை உறுதிசெய்தது. நாட்பட்ட சி வகை ஈரலழற்சியுடையவர்களின் துணைவர் 895 பேர் பத்தாண்டுக் காலம் வரை அவதானிக்கப்பட்டனர். ஒருவரோடு மட்டும் வாழ்ந்த ஆண்-பெண் தம்பதியர் இவர்கள், ஆணுறை பயன்படுத்தாதவர்கள். இப்பத்தாண்டுகளில் மூவருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது. அம்மூவரது வைரசும் ஆராயப்பட்டபோது, ஒருவருடையது துணைவரின் வைரசு வகையிலிருந்தே வேறுபட்டது. மற்றைய இருவருடையதும் வகையால் ஒத்திருப்பினும் மரபுக் கூற்றில் வேறாயிருந்தது. அஃதாவது மூவருள் ஒருவர்க்கேனும் துணைவரிடமிருந்து நோய் வரவில்லை. இந்த மரபுச் சோதனை நிகழாதிருந்தால் அம்மூன்று இல்லங்களிலும் என்ன பேசப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோப் பகுதியிற் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு இன்னும் நுண்ணியது. தொற்றுடைய 500 பேரும் அவர்தம் நெடுங்காலத் துணைவரும் இதில் அடங்கினர். துணைவருள் 20 பேருக்கு, அஃதாவது நூற்றுக்கு நான்கு வீதத்தினருக்கு, தொற்றின் அடையாளம் இருந்தது. மேலோட்டமாக நோக்கும் ஒருவர், "இருபது இல்லங்களில் நோய் பரவிற்று" என்று எழுதிவிடுவார். ஆயின் வைரசின் வகை ஒப்பிடப்பட்டபோது இருபது ஒன்பதாகக் குறைந்தது. மரபுக் கூறு ஒப்பிடப்பட்டபோது, நெருங்கிய உறவுடைய வைரசுகள் மூன்று தம்பதியரிடத்து மட்டுமே காணப்பட்டன. அம்மூன்றையும் உடலுறவால் வந்தனவாகவே கொண்டாலும், ஓராண்டில் தொற்று நிகழும் உச்ச வீதம் நூற்றுக்கு 0.07; பத்தாயிரம் தம்பதியருக்கு ஏழு. உறவுகளின் எண்ணிக்கையிற் கூறுவதாயின், ஏறத்தாழ 1,90,000 தடவைகளுக்கு ஒன்று. இதற்கு இயையவே, ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமும், நெடுங்காலம் ஒருவரோடொருவர் மட்டும் வாழும் தம்பதியர் இந்நோயின் பொருட்டுத் தம் உறவு முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என அறிவுறுத்தியது.

இருபது, ஒன்பது, மூன்று என்னும் இவ்விறங்குவரிசையை இந்நோய் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளவேண்டும். சமூகத்தின் ஐயம் இருபதில் நின்றுவிடுகிறது. உண்மையோ மூன்றைக் கண்ட பின்னரே பேசத் தொடங்குகிறது.

அயர்லாந்தின் தாய்மார்

எண்களால் மட்டும் மனங்கொள்ள இயலாத ஒன்றை அயர்லாந்தின் வரலாறு கற்பிக்கின்றது. தாயின் குருதி றீசஸ் எதிர் வகையாகவும் சேயின் குருதி றீசஸ் நேர் வகையாகவும் அமையும்போது, அடுத்த குழந்தைக்குத் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு அன்ரி-டி என்னும் ஊசிமருந்து தாய்க்கு வழங்கப்படுவதுண்டு. மனிதக் குருதியின் நீர்ப்பாகத்திலிருந்து செய்யப்படும் மருந்து அது. அயர்லாந்தில் 1977, 1978ஆம் ஆண்டுகளிற் பயன்படுத்தப்பட்ட அன்ரி-டியின் சில தொகுதிகள், தொற்றுடைய ஒரே ஒருவரின் குருதியால் மாசடைந்திருந்தன. அவர் ஈரலழற்சிக்கு ஆளானவர் என்பது தெரிந்திருந்தும் அவரது குருதி பயன்படுத்தப்பட்டது. 1991இன் இறுதியில் இலண்டனிலிருந்து இதுபற்றிக் குருதிச் சேவைக்கு அறிவிக்கப்பட்டும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 1994 பெப்புருவரியிலேயே செய்தி பகிரங்கமாயிற்று. அடுத்த மாதம் தொடங்கிய நாடளாவிய சோதனையில் 62,667 பெண்கள் சோதிக்கப்பட்ட நிலையில், 704 பேரிடம் தொற்றின் அடையாளமும் அவர்களுள் 390 பேரிடம் குருதியில் வைரசும் காணப்பட்டன. 1997இல் வெளியான விசாரணை மன்றத்தின் அறிக்கை தவறு யாருடையது என்பதை ஐயந்திரிபறக் கூறிற்று.

இங்கு ஒரு கேள்வி எழுப்பப்படல் வேண்டும். இந்நோய்க்குரிய குருதிச் சோதனை 1990 முதல் வழக்கிலிருந்தது. உண்மை வெளிவந்ததோ 1994இல். இடைப்பட்ட ஆண்டுகளில் இத்தாய்மாருள் ஒருத்திக்கு வேறு ஏதோ காரணத்தாற் சோதனை செய்யப்பட்டு, நோய் உண்டெனக் கூறப்பட்டிருந்தால் அவளது நிலை யாது? அவள் போதைப்பொருள் பயன்படுத்தியவள் அல்லள்; குருதி ஏற்றிக்கொண்டவளும் அல்லள். குழந்தை பெற்றபோது போடப்பட்ட ஒரு சிறு ஊசியை நோயின் காரணமாக எவரும் கருதியிரார். குருதி, ஊசி, உடலுறவு என்னும் வாக்கியத்தில் முதலிரண்டும் நீக்கப்பட்டுவிட்டன, எஞ்சியது ஒன்றே. தன் குழந்தையைக் காக்கும் பொருட்டு அரச நிறுவனம் தந்த மருந்தை ஏற்றுக்கொண்ட தாயை, அவ்வாக்கியம் கற்பு விசாரணைக்கு உட்படுத்தியிருக்கும். அவளிடம் தன்னைக் காப்பதற்கு எந்தச் சான்றும் இருந்திராது. சான்று அரச நிறுவனத்தின் கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தது.

கிழக்கு ஜேர்மனியிலும் 1978, 1979ஆம் ஆண்டுகளில் இதே வகை மருந்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் தொற்றுக்குள்ளாயினர். அப்பெண்களின் கணவர்மார் பல ஆண்டுகளின் பின்னர் ஆராயப்பட்டபோது, மனைவியரிடமிருந்து அவர்களுக்குத் தொற்று நிகழ்ந்தமை மிக மிக அரிதாகவே காணப்பட்டது. இயற்கை தானாகவே நடத்திய பரிசோதனை போன்றது இது. தொற்றின் நாளும் வழியும் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தவை. அதன் பின்னரும் இல்லறம் ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்தது. ஆயினும் நோய் பரவவில்லை.

பிரித்தானியாவின் கதையும் இதற்கு இனமானதே. சேர் பிறையன் லாங்ஸ்ராவ் தலைமையில் நடைபெற்று, 2024 மே 20ஆம் நாள் வெளியான மாசடைந்த குருதி பற்றிய விசாரணை அறிக்கை, 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையின்போதே எச்.ஐ.வி., ஈரலழற்சி வைரசுகளால் தொற்றுண்டனர் எனக் கண்டது. குருதி உறையாமை நோயுடைய சிறுவர்களும் இவர்களுள் அடங்குவர். நோயாளராய் வந்தவர்கள் குடிகாரராகவும் போதைக்கு அடிமையானவராகவும் கருதப்பட்ட அவலம் அவ்விசாரணையிற் பலரால் எடுத்துரைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் தம் ஒழுக்கத்தை நிரூபிக்க அரைநூற்றாண்டு முயன்றனர். பாதித்தோர் தம் கோப்புகளைக் காக்க அதே அரைநூற்றாண்டைச் செலவிட்டனர்.

எகிப்தின் ஊசிகள்

செல்வ நாடுகளில் மாசடைந்த குருதி செய்ததை எகிப்தில் ஊசி செய்தது. நைல் நதியின் நீர்நிலைகளில் வாழும் நத்தையினாற் பரவும் பில்காசியா என்னும் நோயை ஒழிப்பதற்கு, 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை அந்நாட்டரசு பெரும் இயக்கம் ஒன்றை நடத்தியது. மருந்து நாளத்தினுள் ஊசியால் ஏற்றப்பட்டது. ஒருவருக்கே பல தடவைகள் ஏற்றவேண்டியிருந்தது. கிராமத்தவர் வரிசையில் நிற்க, போதியளவு தூய்மையாக்கப்படாத ஊசிகள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சென்றன. ஒரு நோயை ஒழிக்க வந்த ஊசி இன்னொரு நோயை விதைத்துச் சென்றது. 2008ஆம் ஆண்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுடைய எகிப்தியருள் நூற்றுக்குப் பதினைந்து வீதத்தினரிடம் தொற்றின் அடையாளம் இருந்தது.

இந்நாட்டில் ஓர் இல்லத்திற் கணவன் மனைவி இருவருக்கும் நோய் இருப்பதைக் கண்டு, படுக்கையே காரணம் எனக் கூறுபவன் வரலாற்றை வாசியாதவன். தம்பதியரிடையே ஓரளவு தொற்று நிகழ்ந்திருக்கலாம் எனக் கருதிய ஆய்வாளரும் உளர். ஆயின் நோயைக் கிராமந்தோறும் கொண்டுசென்றது எது என்பதில் ஐயமில்லை. ஒரு தலைமுறையின் ஒழுக்கம் கெட்டதால் ஒரு நாட்டின் ஈரல் கெடவில்லை.

எகிப்து அத்தோடு நின்றுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 2013இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சொபொஸ்புவிர் என்னும் மாத்திரையின் பன்னிரு வாரச் சிகிச்சைக்கு 84,000 டொலர் விலை குறிக்கப்பட்டது. எகிப்து பேரம்பேசி அதனை 900 டொலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டு உற்பத்தியால் விலை மேலும் வீழ்ந்தது. 2018 ஒக்ரோபரில் தொடங்கி ஏழு மாதங்களுள் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் அங்கு சோதிக்கப்பட்டனர். 2023இல் உலக சுகாதார நிறுவனம், இந்நோயை ஒழிக்கும் பாதையிற் பொன்தர நிலையை எய்திய முதல் நாடாக எகிப்தை அறிவித்தது. இவ்வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. நோய் பரவலாக இருந்ததாற் சோதனைக்கு வருவதிலுள்ள வெட்கம் குறைந்திருக்கக்கூடும் என்பதும் அவற்றுள் ஒன்றாகலாம். நோய் சிலரிடம் மட்டும் உள்ள நாடுகளிலேயே வெட்கம் வலிமை பெறுகின்றது.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்திற்கு எதிராக எழக்கூடிய மறுப்புகள் மூன்று.

உடலுறவால் இந்நோய் பரவுவதே இல்லையா என்பது முதலாவது. பரவுவதுண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி இலண்டன், பரிஸ், அம்ஸ்ரடாம் முதலிய நகரங்களில், எச்.ஐ.வி. தொற்றுடையவரும் ஆண்களோடு உறவுகொள்பவருமான ஆண்களிடையே இந்நோய் உடலுறவு வழியாகப் பரவியமை ஐயமற நிறுவப்பட்டுள்ளது. மென்சவ்வு கிழிந்து குருதி கசியும் நிலை, வேறு பாலியல் நோய்களால் உண்டான புண்கள், எச்.ஐ.வி. தொற்று, உறவின்போது போதை ஊசிகளைப் பகிர்தல் என்பன அங்கு ஒன்றுசேர்ந்தன. இதனை மறைப்பது அறிவு நேர்மையன்று. ஆயின் இவ்வுண்மையும் முன்னர்க் கூறியதையே வலியுறுத்துகிறது: குருதி எங்கே குருதியைச் சந்திக்கிறதோ அங்கேயே ஆபத்து. எனவே பலரோடு உறவுடையோரும், எச்.ஐ.வி. தொற்றுடையோரும், புண் அல்லது குருதிக் கசிவு உள்ள வேளையில் எவரும், ஆணுறை பயன்படுத்தவேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. இது அறவுரை அன்று. அந்நகரங்களின் ஆண்களும் பழிப்பதற்குரியவர் அல்லர், சோதித்துக் குணப்படுத்துதற்குரியவரே. தம்பதியரைப் பழியிலிருந்து மீட்பதற்காக இன்னொரு கூட்டத்தாரைப் பழியில் ஆழ்த்துவது வாதத்தின் வெற்றியாகாது. போதை ஊசிகளைப் பகிர்ந்ததால் நோயுற்றோருக்கும் இது பொருந்தும். செல்வ நாடுகள் பலவற்றில் இன்று இந்நோய் பரவும் முதன்மை வழி அதுவே. ஆங்கும் வேண்டப்படுவது தூய ஊசியும் சிகிச்சையுமாம்.

பி வகையும் எச்.ஐ.வி.யும் உடலுறவால் எளிதிற் பரவுகையில், சி வகையை மட்டும் பிரித்துக் கூறுவது ஏன் என்பது இரண்டாவது. அவை வேறு வேறு வைரசுகள் என்பதே விடை. பி வகை உடலுறவாற் பரவுவது உண்மை. அதற்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து உண்டு. பெயரில் ஒரெழுத்து வேறுபாடே இருப்பதால் ஒன்றன் இயல்பை மற்றதன் தலையில் ஏற்றுவது, பெயர் ஒன்றாயிருக்கும் காரணத்தால் ஒருவரின் கடனை இன்னொருவரிடம் வசூலிப்பதற்கு ஒப்பாகும்.

அச்சம் மக்களை எச்சரிக்கையாக வைத்திருக்குமாதலின் சற்று மிகைப்படுத்துவதால் என்ன தீங்கு என்பது மூன்றாவது. மூன்றனுள்ளும் இதுவே கொடியது. அச்சம் எச்சரிக்கையைத் தரும். வெட்கம் மௌனத்தையே தரும். ஒழுக்கக்கேடு என்று பெயர் பெற்ற நோய்க்குச் சோதனை செய்துகொள்ள எவர் முன்வருவார்? சோதித்தவர் துணைவரிடம் எவ்வாறு கூறுவார்? கூறாதவர் சிகிச்சைக்கு எவ்வாறு செல்வார்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 2,42,000 பேர் இதனால் இறந்தனர். எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடையக்கூடிய நோய் இது. மருந்துள்ள நோயால் மனிதர் இறப்பதற்கு வறுமை ஒரு காரணம். மௌனம் இன்னொரு காரணம். "சற்று மிகைப்படுத்துதல்" என்பது அம்மௌனத்தை வளர்க்கும் எருவாகும்.

செய்யவேண்டியன

விமரிசனம் வழிகாட்டாது நின்றுவிடின் அது வெறும் வசையாகிவிடும். எனவே இல்லத்தில் செய்யவேண்டியதையும் சமூகத்தில் செய்யவேண்டியதையும் தனித்தனியே கூறுதல் தகும்.

இல்லத்தில் ஒருவருக்கு நோய் காணப்பட்டால் மற்றவரும் ஒருமுறை குருதிச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். இது குற்றத்தை நிறுவுவதற்கான சோதனை அன்று. இருவரும் ஒரே சூழலில் வாழ்ந்தவராதலின் மற்றவருக்கும் நோய் இருந்தாற் சிகிச்சை பெறுவதற்காகவே. சவர அலகு, பற்தூரிகை, நகவெட்டி என்பன தனித்தனியே வைத்துக்கொள்ளப்படல் வேண்டும். குருதி கசியும் காயம் மூடப்படல் வேண்டும். தட்டையும் கோப்பையையும் பிரித்துவைக்க வேண்டியதில்லை. பாயைப் பிரித்துவைக்கவும் வேண்டியதில்லை. தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கு நூற்றில் ஐந்தாறு பேருக்குத் தொற்று நிகழக்கூடுமாதலின், பிள்ளைப்பேற்றை எண்ணும் பெண் அதற்கு முன்னரே சிகிச்சை பெற்றுவிடுதல் நன்று. யாவற்றுக்கும் மேலாக, நோயுற்றவர் சிகிச்சைக்கு அனுப்பப்படவேண்டியவர். தாய்வீட்டிற்கு அனுப்பப்படவேண்டியவர் அல்லர்.

சமூகத்தில் செய்யவேண்டியவற்றுள் முதன்மையானது அவ்வாக்கியத்தைத் திருத்துவதாகும். "இந்நோய் குருதியினாற் பரவுவது, தூய்மையற்ற ஊசியும் சோதிக்கப்படாத குருதியும் அதன் முக்கிய வழிகள், நிலையான இல்லறத்தில் உடலுறவால் இது பரவுவது மிக அரிது" என்று எழுதுவதற்குக் கூடுதலாகச் சில சொற்களே தேவைப்படும். அச்சகத்தார் அதற்கென அதிகம் கேட்கப்போவதில்லை. நோயாளியின் கடந்தகாலத்தை வினவும் மருத்துவரும், ஒழுக்கம் பற்றிய வினாவுக்கு முன்னர் ஊசி, குருதி, சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, பல் பிடுங்கல் என்பன பற்றி வினவுதல் வேண்டும். அடுத்தது பொறுப்பு. குருதியைச் சோதிப்பதும் ஊசியை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதும் மருந்தை மக்கள் வாங்கக்கூடிய விலையிற் கிடைக்கச்செய்வதும் அரசின் கடமைகள். இக்கடமைகள் தவறும்போதெல்லாம், தவறியவர்களுக்குக் கிடைக்கும் இலவசப் பாதுகாப்பே ஒழுக்கப் பழி. மக்கள் ஒருவரையொருவர் ஐயுற்றுக்கொண்டிருக்கும் வரை மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பெண்ணின் ஒழுக்கத்தைக் காவல்காப்பதையே தன் பண்பாட்டின் உயிர்நிலையாகக் கருதும் சமூகம் எதுவாயினும், அயர்லாந்தின் அந்த 704 பெண்களை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர்களிடம் காணப்பட்டது ஊசியின் வழியாக ஒரு நிறுவனம் இழைத்த தவறு. அத்தவறு கோப்பிலிருந்து வெளிவரப் பதினேழு ஆண்டுகள் சென்றன. அத்தகைய வேறு கோப்புகள் எத்தனை நாடுகளில், எத்தனை அலுமாரிகளில், இன்னும் திறக்கப்படாமல் உள்ளனவோ! அவை திறக்கப்படும் நாள் வரையிலாவது, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றவாளியாக்கும் தீர்ப்பை ஒத்திவைத்தல் அறிவுடைமையாகும்.